ஊர்மண்டபத்துப் பின்வேலி

ஒரு நாகரிகத்தை அதன் கோபுரங்களை வைத்து எடைபோடக் கூடாது, அதன் உயிர்வேலிகளை வைத்தே எடைபோட வேண்டும் என்று கிளமென்ட் கேதர்கோல் உரக்க அறிவித்த நேரத்தில், அவருடைய கால்சட்டையின் பின்புறம் ஒரு கருமுள் புதரில் வசமாக மாட்டிக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க," என்றார் பின்னால் நின்ற நோரிஸ் டகெட், ஊரின் ஒரே மதுக்கடைக்காரர். "அசைஞ்சா நாகரிகம் கிழிஞ்சிரும்."

நோரிஸ் குனிந்து ஒவ்வொரு முள்ளாக விடுவிக்க, கிளமென்ட் கம்பீரம் குறையாமல் வானத்தைப் பார்த்தபடி நின்றார். ஒன்பது பேரும் ஒரு நாயும் காத்திருந்தார்கள். செப்டம்பர் பிறந்தால் ஓவர் பிட்லி கிராமத்தில் அவர் நடத்தும் வேலியோரக் கனி நடை அது. அவருக்கு வயது அறுபத்தேழு. உத்தியோகத்தில் இருந்தவரை மாவட்டத்துக் கடைகளின் தராசுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்றதும் இயற்கையைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டார். மெழுகு பூசிய கோட்டு, கொம்புப் பிடி வைத்த கைத்தடி, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி. எல்லோரையும் "நீங்க" என்றுதான் அழைப்பார். சொந்த நாயையும் அப்படித்தான்.

"இது ஸ்லோ, கருமுள்ளோட பழம்," என்று தடியால் காட்டினார், விடுதலை ஆனதும். "கோலிக்குண்டைவிடச் சின்னது. முள்ளு நீளம். மேல வெள்ளையா மாவு பூசின மாதிரி இருக்கும், விரலால தேய்ச்சா போயிடும். ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாருங்க."

ஊர்க்காரர்கள் யாரும் கடிக்கவில்லை. போன மாதம்தான் குடிவந்திருந்த பள்ளி ஆசிரியை மட்டும் நம்பிக் கடித்தாள். அவள் முகம் மொத்தமும் உள்ளே இழுத்துக்கொண்டு மூக்கு நுனியில் போய் நின்றது.

"அதுதான் அடையாளம்," என்றார் கிளமென்ட் திருப்தியாக. "இதைவிடப் பெருசா, நல்ல உருண்டையா இருந்தா அது புல்லஸ். முட்டை வடிவத்துல, முள்ளு அவ்வளவா இல்லாம இருந்தா டாம்சன். சிவப்பாவோ மஞ்சளாவோ ஆகஸ்ட்லயே பழுத்துக் கொட்டிட்டா செர்ரி பிளம். எல்லாம் ஒரே குடும்பம், அதனால எப்பவும் குழப்பம்தான். சந்தேகம் வந்தா வெட்டிக் கொட்டையைப் பாருங்க. உள்ள ஒத்தைக் கொட்டை இல்லாம பொடிப்பொடியா விதை இருந்தா அது பிளம்மே இல்ல, தூரப் போட்டுட்டுக் கையைக் கழுவுங்க. தோல் பொய் சொல்லும். கொட்டை பொய் சொல்லாது."

கடைசி இரண்டு வாக்கியங்களும் அவர் எழுதி அச்சிட்ட சிறுநூலின் பின்னட்டையில் இருந்தன. நூலின் முன்னட்டையில் ஒரு பழத்தின் படம். "பிட்லி மடாலயப் புல்லஸ்: அறுநூறு ஆண்டுகளுக்கு முன் துறவிகள் நட்டது" என்று படத்தின் கீழே எழுதியிருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மரத்தைக் கண்டுபிடித்தவர் அவரே. படத்தில் இருந்த பழம் முட்டை வடிவத்தில்தான் இருந்தது. நூலில் அதைச் "சற்றே நீண்ட உருண்டை" என்று விவரித்திருந்தார்.

"அந்த மரம் எங்க இருக்கு?" என்று ஆசிரியை, வாய் கொஞ்சம் நேரானதும், கேட்டாள்.

கூட்டத்தில் இரண்டு பேர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார்கள்.

"மார்டில் பள்ளத்தாக்குல," என்றார் கிளமென்ட். "ஏழு மைல். ரெண்டு ஓடை தாண்டணும். ஒரு காளை வேற இருக்கு."

பாவம், அவள் ஊருக்குப் புதுசு. ஓவர் பிட்லியில் ஒருவரிடம் வருமானம் கேட்கலாம், வயது கேட்கலாம், விவாகரத்து எப்போது என்றுகூடக் கேட்கலாம். எங்கே பழம் பறிக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் பொய் வரும். அந்தப் பொய்யை முகம் மாறாமல் ஏற்றுக்கொள்வதுதான் நல்ல வளர்ப்பு. நோரிஸ் தன்னுடைய ஸ்லோ ஜினுக்கான பழத்தைப் பழைய கல்குவாரிப் பக்கம் பறிப்பதாகச் சொல்வார். ஜாமுக்குப் பேர்போன பெரில் ஸ்ப்ரேக், லட்லோவில் இருக்கும் தன் அக்கா தோட்டத்திலிருந்து வருவதாகச் சொல்வாள். ஊர்த் தேவாலயத்தின் பெண் பாதிரியார், எல்லோருக்கும் பாதிரியார் அம்மா, ஆண்டவர் அனுப்புகிறார் என்று சொல்லி முடித்துவிடுவார்.

கிளமென்டின் மடாலயப் புல்லஸ் இருந்தது ஏழு மைல் தள்ளி அல்ல. ஊர்மண்டபத்தின் பின்வேலியில், ஆண்கள் கழிவறை ஜன்னலுக்கு நேர் பின்னால், நாய்க்கழிவுத் தொட்டியை ஒட்டி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, தெருவில் பால் வண்டிகூட வராத நேரத்தில், கோட்டுக்குள் பையை ஒளித்துக்கொண்டு போய்ப் பறிப்பார். நடை வரும்போது அந்த வேலியைத் தாண்டுகையில் மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பார். "இங்க ஒண்ணும் இல்ல, வெறும் முள்ளுதான்," என்பார். அன்றும் அப்படியே சொன்னார்.

திங்கட்கிழமை மண்டபத்து அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது.

கிளமென்ட் அதை மூன்று முறை படித்தார். வண்டி நிறுத்த இடம் போதாததால் மண்டபத்தின் பின்வேலியை வேரோடு அகற்றிவிட்டுப் பன்னிரண்டு கார்களுக்கு இடம் அமைக்க ஊர்மன்றம் உத்தேசித்திருக்கிறது. அந்த வேலியால் பயன்பெறுவோர் யாரேனும் இருந்தால் அடுத்த வாரம் வியாழன் மாலை ஏழு மணிக் கூட்டத்தில் நேரில் தெரிவிக்கலாம். எவரும் தெரிவிக்காவிட்டால் பயனற்ற வேலி என்று பதிவுசெய்யப்படும். கீழே மன்றத் தலைவர் ராய்ஸ்டன் பிம்மின் கையெழுத்து, தாளில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு.

நாலாவது முறையும் படித்தார். மனைவி போன பிறகு அவர் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை ஒழுங்காக நடக்கும் காரியம் ஒன்றே ஒன்றுதான்: செப்டம்பர் கடைசியில் அந்த மரத்துப் பழம் சமையலறை மேசையில் வந்து குவிவது. அதை நூலில் அவர் எழுதவில்லை. துறவிகளைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது.

"என்ன கிளமென்ட், பலகையையே தின்னுடுவ போல இருக்கு?"

பெரில் ஸ்ப்ரேக் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். எழுபது வயது, மண்டபக் கமிட்டியின் தலைவி. அவளும் தாளைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் உதடு இறுகியது. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

"நமக்கென்ன? வெறும் முள்ளு."

"ஆமா, வெறும் முள்ளு," என்றார் கிளமென்ட்.

"கார் நிறுத்த இடம் வேணும்தான்."

"கட்டாயம் வேணும்."

இருவரும் நகரவில்லை.

"பறவைங்க கூடு கட்டுமே, அதுதான் கொஞ்சம் பாவம்," என்றாள் பெரில்.

"பறவைங்களுக்காக நீங்க கூட்டத்துல ஒரு வார்த்தை பேசலாமே."

"நானா? நான் எதுக்கு? நீதான ஊருக்கே வேலி வாத்தியார். நீ பேசு."

"எனக்கு அந்த வேலியோட பழக்கமே கிடையாதே!"

"எனக்கும் கிடையாதுப்பா," என்றாள் பெரில். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். "அறுவடை விருந்துக்கு வருவல்ல? டாம்சன் பை பண்றேன். உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. இந்த ஊர்ல தட்டு விளிம்புல நாலு கொட்டைக்கு மேல வைக்காத ஆம்பளை நீ ஒருத்தன்தான்."

பை என்றால் பழத்தை மாவுக்குள் பொதிந்து சுடுவது; பெரில் அதில் போடும் பழத்துக்குக் கொட்டை எடுக்க மாட்டாள். எடுத்தால் வாசனை போய்விடும் என்பாள். அதனால் சாப்பிடுகிறவர்கள் கொட்டைகளைத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைக்க வேண்டும். யார் எத்தனை தடவை வாங்கினார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பெரில் மேசை மேசையாக வந்து உரக்க எண்ணுவாள். நோரிஸ் ஒரு வருஷம் முப்பத்தொன்று வைத்தார். அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிளமென்டின் நாலு கொட்டையும் அதே அளவு புகழ் பெற்றதுதான். "வேலியோரம் பறிப்பவன் அளவறிந்து உண்பான்" என்று நூலில் ஒரு வரியே உண்டு.

கிளமென்ட் வீட்டுக்குப் போய் ஊர்மன்றத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். தான் பறிப்பதாக எழுதினால் மார்டில் பள்ளத்தாக்கு, ஓடைகள், காளை எல்லாம் ஒரே நாளில் வற்றிவிடும். பன்னிரண்டு வருஷ மரியாதை. அதனால் துறவிகளை அழைத்தார். ஊர்மண்டபத்துப் பின்வேலியில் "அறிஞர் ஒருவரின் கவனத்துக்கு அண்மையில் வந்துள்ள" ஒரு மரம் மடாலயப் புல்லஸாக இருக்கக்கூடும் என்றும், உரிய நிபுணர் ஒருவர் வந்து பார்க்காமல் கோடரி எடுப்பது நாகரிகமாகாது என்றும் நாலு பக்கம் எழுதினார். அறிஞர் யார் என்று எழுதவில்லை. அடக்கம்.

நிபுணர் வந்தார். ஹெஸ்டர் பாப்ஜாய் என்ற, தோளுயரம்கூட இல்லாத பெண்மணி, மாவட்டத்தில் வேலிகளை அளந்து எழுதுவது அவர் தொழில். சைக்கிளைச் சாத்திவிட்டு வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்துகொண்டே போனார். திரும்பி வரும்போது தலையில் இலை, முழங்கையில் கீறல், வாயில் ஒரு பழம்.

"இதுதான் அந்த மரம்," என்றார் கிளமென்ட், முன்பின் பார்க்காத மரத்தைக் காட்டுவதுபோல. "வடிவத்தைக் கவனிங்க. சற்றே நீண்ட உருண்டை."

ஹெஸ்டர் கொட்டையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். கிளமென்டைப் பார்த்தார். மறுபடி கொட்டையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"இதை அப்புறம் பேசிக்கலாம். வேலியைப் பத்திச் சொல்றேன். மண்டபம் கட்டினப்போ வச்ச வேலி, எழுபது வருஷம்கூட இருக்காது. கருமுள், ஹேஸல், காட்டு ரோஜா, எல்லாம் எங்கேயும் இருக்கறதுதான். சட்டத்தைக் காட்டிக் காப்பாத்த முடியாதுங்க."

"துறவிகள்…"

"துறவி யாரும் இல்லிங்க. ஆனா ஒண்ணு. கிளையெல்லாம் நுனியில பறிச்ச அடையாளம் இருக்கு. கீழ புல்லுல ஒத்தையடிப் பாதை விழுந்திருக்கு. ஒரு ஆள் நடந்து விழுந்த பாதை இல்ல இது. யாரோ நிறையப் பேர் இங்க வந்துபோறாங்க. அவங்க எழுந்து வாயைத் திறந்தா மன்றம் கேட்கும். இல்லேன்னா அடுத்த மாசம் இங்க தாரு."

நிறையப் பேரா? கிளமென்ட் புல்லைப் பார்த்தார். அந்தப் பாதையைத் தான் ஒருவரே தேய்த்ததாக அல்லவா இத்தனை நாளும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்!

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. வழக்கமாக ஊர்மன்றக் கூட்டத்துக்கு ஆறு பேர் வருவார்கள், அதில் மூன்று பேர் மன்றத்தினர். அன்று நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. ராய்ஸ்டன் பிம் தலைவர் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சமையலறையிலிருந்து எடுத்து வந்திருந்த இறைச்சி தட்டும் மரச்சுத்தியலால் மேசையைத் தட்டினார்.

"அமைதி! அமைதி!"

ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தது.

"பின்வேலி. அகற்றுவதாக உத்தேசம். அந்த வேலியை எந்த விதத்திலாவது பயன்படுத்துறவங்க யாராவது இருந்தா எழுந்து சொல்லலாம்."

ஒருவரும் எழவில்லை. நோரிஸ் கூரையை ஆராய்ந்தார். பெரில் கைப்பையில் எதையோ தேடினாள், கிடைக்கவில்லை, மறுபடி தேடினாள். பாதிரியார் அம்மா கண்ணை மூடியிருந்தார். பிரார்த்தனையாக இருக்கலாம்.

"யாரும் இல்லையா? மூணு தடவை கேட்கணும்னு விதி. ரெண்டாவது தடவை கேட்கிறேன்."

எழுத்தர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கிளமென்டுக்கு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கண்ணாடிக் கதவு வழியே வேலி தெரிந்தது. மாலை வெயில் பின்னாலிருந்து விழ, முட்டை வடிவப் பழங்கள் நீலமும் கறுப்புமாகக் கிளை தாழத் தொங்கின. தராசுத் துறையில் முப்பது வருஷம் அவர் ஒரே ஒரு வேலைதான் செய்திருந்தார். ஒரு தட்டில் உண்மையான எடையை வைத்து, மற்றத் தட்டில் கடைக்காரன் சொல்வதை வைத்து, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது.

"மூணாவது தடவையா…"

கிளமென்ட் எழுந்தார். பழக்கதோஷம், கைத்தடி தானாகவே உயர்ந்தது.

"ஒரு நாகரிகத்தை அதன் கோபுரங்களை வைத்து…"

"கிளமென்ட்," என்றார் ராய்ஸ்டன். "வேலியைப் பயன்படுத்துறீங்களா இல்லையா?"

தடி இறங்கியது.

"பயன்படுத்துறேன். பழம் பறிக்கிறேன்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. காலையில ஆறு மணிக்கு. பன்னிரண்டு வருஷமா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மார்டில் பள்ளத்தாக்குக்கு நான் போனதே இல்ல. அங்க காளை இருக்கான்னும் எனக்குத் தெரியாது. என் புஸ்தகத்துல இருக்கற மரம் இங்கதான், ஆண்கள் கழிவறைக்குப் பின்னால இருக்கு."

கிளமென்ட் சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். வந்தது சிரிப்பு அல்ல.

"ஓஹோ!" என்று நோரிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அப்போ புதன்கிழமை நான் போறதுக்கு முன்னாடியே கீழ்க்கிளையை மொட்டை அடிச்சு வைக்கிறது நீங்கதானா, புரொபசர்? நான் ஆறு வருஷமா முள்ளம்பன்றியைத் திட்டிட்டு இருக்கேன்!"

"நீங்க கல்குவாரியில இல்ல பறிக்கிறதா…"

"கல்குவாரியில கல்லுதான் இருக்கு!"

"முள்ளம்பன்றி எப்படிய்யா மரம் ஏறும்?" என்று சுவரோரம் யாரோ கேட்டார்கள்.

"அதைத்தான் நானும் யோசிச்சேன்!" என்றார் நோரிஸ்.

பெரில் கைப்பையைப் படாரென்று மூடினாள். "சரி, நானும் சொல்லிடறேன். என் அக்கா லட்லோவுல ரெண்டாவது மாடியில இருக்கா. அவகிட்ட தோட்டம் இல்ல, ஒரு பூந்தொட்டிகூட இல்ல. நான் வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை நான்ல!" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"நீ சாயங்காலம், அவ காலையில," என்று இன்னொரு குரல் தீர்ப்பு சொன்னது. "நான் ரெண்டு பேரையும் பார்த்திருக்கேன். நான் மத்தியானம்."

பாதிரியார் அம்மா கண்ணைத் திறந்தார். "ஞாயிறு, எட்டு மணி ஆராதனைக்கு முன்னாடி," என்றார். "அங்கிக்குள்ள ஒரு கூடை அடங்கும்."

அதற்குப் பிறகு சுத்தியலுக்கு மதிப்பில்லை. ஆளாளுக்கு எழுந்து கிழமையும் நேரமும் சொன்னார்கள். எழுத்தர் வேகமாக எழுதிப் பார்த்து, கைவிட்டு, கோடு போட்டுக் கால அட்டவணையாகவே வரைய ஆரம்பித்தார். வாரத்தில் ஆறு நாள் நிரம்பிவிட்டன. சனிக்கிழமை மட்டும் காலியாக இருந்தது. எல்லோரும் யோசித்தார்கள். பிறகு எல்லோருடைய பார்வையும் மெதுவாக மேடைக்குப் போனது. ராய்ஸ்டன் பிம் பதக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"கண்காட்சியில போன வருஷம் பிளம் பாகுக் கட்டிக்கு முதல் பரிசு வாங்கினது யாரு?" என்று பெரில் கேட்டாள், ரொம்ப அன்பாக.

"என் மனைவி," என்றார் ராய்ஸ்டன். "எனக்கு… அவ எங்க பறிக்கிறான்னு நான் கேட்டதே இல்ல."

"கேட்காம இருந்தது நல்ல வளர்ப்பு," என்றாள் பெரில். "வீட்டுக்குப் போய்க் கேளு. இந்த வேலியை வெட்டினா அவ உன்னை எங்க நிறுத்துவான்னும் கேளு."

வாக்கெடுப்பில் எதிர்ப்பு இல்லை. வேலி இருக்கும். கார்கள் நோரிஸின் கடை முற்றத்தில் நிற்கும். அப்படியாவது வண்டியை எடுக்க வருகிறவன் ஒரு குவளை குடித்துவிட்டுப் போவான் என்று அவர் கணக்குப் போட்டார். ஓட்டுகிறவனுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும்தான் என்று பாதிரியார் அம்மா திருத்தினார். கூட்டக் குறிப்பில், வேலியைத் தக்கவைப்பதற்கான காரணம் என்ற இடத்தில் எழுத்தர் "ஜாம்" என்று எழுதி நிறுத்தினார். அக்டோபர் முதல் சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து, ஒளியாமல், பட்டப்பகலில் பறிப்பது என்றும் முடிவானது.

பட்டப்பகலில் பறிப்பது ஆரம்பத்தில் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. சிலர் பழக்கத்தில் பையைக் கோட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பத்து நிமிஷத்தில் பழைய படுக்கை விரிப்புகளை மரத்தடியில் விரித்துவிட்டு, கிளைகளை உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நோரிஸ் ஸ்லோக்களைத் தனியாகப் பிரித்தார். முதல் பனி விழுந்த பிறகுதான் பறிக்க வேண்டும் என்று அவர் எல்லோருக்கும் சொல்லிவந்தது உண்மைதான். "ஆனா நான் பறிச்சுட்டுக் குளிர்பெட்டியில போட்டு வச்சிடுவேன்," என்றார் இப்போது. "ஒரு ராத்திரி அங்க இருந்தா அதுக்குப் பனிதான். தோலு தானா விரிஞ்சுக்கும், குத்திக்கிட்டு உட்கார வேண்டாம். அப்புறம் சர்க்கரை, ஜின், மூணு மாசம் பொறுமை." அடுத்தாற்போல் கிளமென்ட் தன் ரகசியத்தைச் சொல்ல வேண்டிய முறை. தன்னிடம் செய்முறை ரகசியம் எதுவும் இல்லை, ஒவ்வொரு வருஷமும் ஜாம் கட்டிப்படாமல் ஓடிவிடுகிறது, தான் அதைக் கரண்டியால் குடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். பெரில் அவரைக் கையைப் பிடித்து மண்டபச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

"தண்ணியை யாரு இவ்வளவு ஊத்தச் சொன்னா? பழம் நனையற அளவு போதும். தோல் முழுசா வெந்த பிறகுதான் சர்க்கரை, அதுக்கு முன்னாடி போட்டா தோல் செருப்பாயிடும். கொதிக்கும்போது கொட்டை மேல வரும், அதைக் கரண்டியால எடு. கிளறிக்கிட்டே எடு! தராசு பார்க்கற மாதிரி நிக்காத!"

அவர் கிளறினார். ஆவியில் பூதக்கண்ணாடி மங்கியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ பாடினார்கள், யாரோ முள் குத்திக் கத்தினார்கள், புது ஆசிரியை இன்னொரு ஸ்லோவைக் கடித்திருக்க வேண்டும், ஊரே சிரித்தது. ஜில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்த்தபோது ஜாம் ஓடாமல் கட்டிப்பட்டுச் சுருங்கி மடிந்தது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக.

மத்தியானம் பெரிலின் டாம்சன் பை வந்தது. அறுவடை விருந்தை அன்றைக்கே வைத்துக்கொண்டுவிட்டார்கள். கிளமென்ட் இரண்டாவது தடவை வாங்கினார். பிறகு மூன்றாவது தடவையும் வாங்கினார். கொட்டைகளை ஒவ்வொன்றாக விளிம்பில் அடுக்கினார். விளிம்பு முழுவதும் சுற்றி வந்து இரண்டாம் வரிசை தொடங்கியது.

பெரில் வந்து நின்று எண்ணினாள். "இருபத்தொண்ணு! ஏய், எல்லாரும் இங்க பாருங்க! இத்தனை வருஷமா எங்கய்யா வச்சிருந்த இந்த வயித்தை?"

"இங்கதான்," என்றார் கிளமென்ட்.

ஹெஸ்டர் பாப்ஜாயும் வந்திருந்தார். பழத்தின் பாரம் தாங்காமல் அன்று காலை மரத்தின் இரண்டு தண்டுகளில் ஒன்று அடியில் முறிந்திருந்தது. மற்றது நன்றாகவே நின்றது. முறிந்ததை ரம்பத்தால் நேராக அறுத்து எடுத்து வந்து, மேசைமேல் வைத்து, ஊசி முனையால் வளையங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"முப்பது," என்றார். "ஒண்ணு முன்னப்பின்ன இருக்கலாம். துறவி காலத்து மரம் இல்லிங்க, மன்னிக்கணும். புல்லஸும் இல்ல. கொட்டை தட்டையா, நுனி கூரா இருக்கு. சாதாரண டாம்சன். யாரோ சாப்பிட்டுட்டுக் கொட்டையை இங்க போட்டிருக்காங்க, அது முளைச்சிருக்கு."

எல்லோரும் கிளமென்டைப் பார்த்தார்கள், புத்தகத்துக்காக வருத்தப்படுவார் என்று நினைத்து. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் சுட்ட பையில இருந்து வந்த கொட்டையாத்தான் இருக்கணும்!" என்றாள் பெரில், முகம் முழுவதும் மலர. "இந்த ஊர்ல டாம்சன் பை நான் மட்டும்தான் போடறேன். ஆனா யாரு அங்க போய்ப் போட்டிருப்பாங்க? கழிவறை ஜன்னலுக்குக் கீழல்ல இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. எப்படி வந்திருந்தால் என்ன, ஊரைக் கூட்டிவைத்த மரம், ஒரு பலகை வைக்கலாம் என்று ராய்ஸ்டன் சொன்னார். அந்த மரத்துப் பழத்தின் கொட்டைகளையும் நட்டு வேலியை இன்னும் நீட்டலாம் என்று ஆசிரியை சொன்னாள். அதுவே நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பலகையை எழுதித்தரக் கிளமென்ட் தானாகவே முன்வந்தார். அழகான கையெழுத்து. "டாம்சன். நட்டவர் பெயர் தெரியவில்லை" என்று எழுதினார்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வந்த முதல் அறுவடை விருந்தில், கிளமென்ட் கேதர்கோல் மூன்று தடவை பை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நாலு கொட்டையை மட்டும் தட்டில் வைத்து, மிச்சத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஆண்கள் கழிவறை ஜன்னல் வழியே வெளியே எறிந்தார். பதினேழு கொட்டைகள்.